வீட்டுக்குத் தெரியாமல் வரும் பிள்ளைக்கு யார் பொறுப்பு? பால்புதுமை இளையோர் பயிற்சிக்கு வழிநடத்துநர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

எல்ஜிபிடிக்யூ (தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையர்) இளையோருக்கான தலைமைத்துவப் பயிற்சிக்குச் ‘சமூக வழிநடத்துநர்கள் தேவை’ என்ற வகை அறிவிப்புகள் வாட்ஸ்அப் வழியாகக் கைமாறுகின்றன. மதுரைப் பக்கம் அதைப் படிக்கும் ஒருவருக்கு மூன்று சந்தேகங்கள் எழும். இது ஆசிரியர் வேலையா, தொண்டு வேலையா? விண்ணப்பிப்பவர் தானும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமா? இதில் சேர்ந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

மூன்றாவது கேள்வியை யாரும் எளிதில் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் ஆள் எடுக்கும் முறை முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்க வேண்டும். விண்ணப்பப் படிவம், நேர்முகத் தேர்வு, சம்பளம், சந்திக்கும் இடம் ஆகிய எல்லாமே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சொற்கள்

ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது பால் ஈர்ப்பு. அவர் தன்னை ஆணாக, பெண்ணாக, அல்லது வேறாக உணர்வது பாலின அடையாளம். இரண்டும் வேறு. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் தன்னைப் பெண்ணாக உணர்பவர் என்று நினைப்பதுதான் நம் ஊரில் பரவலான குழப்பம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாதவர்கள் திருநர். அவர்களுள் ஆணாகக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக உணரும் திருநங்கையும் உண்டு, பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக உணரும் திருநம்பியும் உண்டு. உடற்கூறிலேயே ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காமல் பிறந்தவர்கள் ஊடுபால் மக்கள். இவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்ல ‘பால்புதுமையர்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடர்ந்த வலியுறுத்தலால், தமிழக அரசு 2022ஆம் ஆண்டு இத்தகைய சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. பழைய வசைச்சொற்களுக்கு மாற்று இல்லை என்று இனி எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

‘வழிநடத்துநர்’ என்பது ‘ஃபெசிலிடேட்டர்’ என்பதற்கு இங்கே பயன்படும் சொல். களத்தில் இருப்பவர்கள் ஆங்கிலச் சொல்லையே சொல்கிறார்கள். வேலை இதுதான்: பத்துப் பதினைந்து இளையோரை ஒரு குழுவாகச் சேர்ப்பது, குறிப்பிட்ட நாள்களில் அவர்களைச் சந்திக்க வைப்பது, பேச்சு அவர்களுக்குள்ளேயே நடக்கும்படி பார்த்துக்கொள்வது, சிக்கல் வந்தால் சரியான ஆளிடம் கொண்டுசேர்ப்பது. பாடம் எடுப்பவர் அல்லர், ஆலோசகரும் அல்லர். தலைமைத்துவம் என்பதும் மேடைப்பேச்சு அல்ல. காவல் நிலையத்தில் தன் உரிமையைச் சொல்லத் தெரிவது, ஒரு கூட்டத்தை நடத்திக் கணக்கை ஒப்படைப்பது, தன் தாயிடம் எப்போது எதைச் சொல்வது என்று தானே முடிவெடுப்பது, இவையெல்லாம் தலைமைத்துவம்தான்.

இந்த வேலையின் முன்கதை

இந்தியாவில் பால்புதுமையரைத் தேடிப்போய்ச் சந்திக்கும் பணியைப் பெரிய அளவில் வளர்த்தவை எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள். சமூகத்துக்குள்ளிருந்தே ஒருவரைக் களப்பணியாளராக எடுத்து, அவர் மூலம் மற்றவர்களை எட்டும் முறை அங்கேதான் நிலைபெற்றது. அது உயிர்களைக் காத்த வேலை. ஆனால் இரண்டு பழக்கங்களையும் அது விட்டுச்சென்றிருக்கிறது.

முதலாவது, சம்பளம் என்று சொல்லாமல் ‘ஊக்கத்தொகை’ என்று சொல்லும் பழக்கம். முழுநேர உழைப்பை வாங்கிக்கொண்டு பஸ் செலவுக்கு மேல் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதற்கு அந்தச் சொல் மறைப்பாகிவிடுகிறது. இரண்டாவது, தொற்று வாய்ப்பை வைத்து ஆள்களைக் கணக்கிட்ட திட்டங்கள் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களையும் திருநங்கைகளையும்தான் சேர்த்துக்கொண்டன. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் திருநம்பிக்கும் அங்கே கட்டமே இல்லை. இன்றும் ஓர் அமைப்பு தன் பழைய தொடர்புகளைக் கொண்டே வழிநடத்துநர்களைத் தேடினால் அதே விடுபடல் அப்படியே தொடரும்.

பணம் வரும் வழியும் வேலையின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. முன்பு ஒரு பெரிய நிறுவனம் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் சிறு குழுவுக்கு நிதி கொடுத்து, அந்தக் குழுவையே பயிற்சி நடத்தச் சொல்ல வாய்ப்பிருந்தது. இப்போது அந்த நிறுவனம் தனி ஆள்களைத் தானே வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உள்ளூர்க் குழு செய்துவந்த அணைப்பும் கண்காணிப்பும் இல்லாமல், வழிநடத்துநர் தன் ஊரில் தனியாளாக நிற்கும் நிலை உருவாகிறது. தேர்வு முறை இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மதுரையிலிருந்து போன வழக்கு

மதுரை இந்த விஷயத்துக்குப் புதிய ஊர் அல்ல. 2012 ஜூலையில் சிருஷ்டி மதுரை என்ற அமைப்பு இங்கே பால்புதுமையர் பெருமித நிகழ்வை நடத்தியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆனால் வழிநடத்துநர் ஏன் தேவை என்பதைச் சொல்வது இன்னொரு வழக்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள், வீட்டின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் கொடுத்த புகாரில் மதுரையில் ‘பெண் காணவில்லை’ என்று இரண்டு வழக்குகள் பதிவாயின. இருவரும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். பால் ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளை அந்த உத்தரவு தடுத்தது. தொடர்ந்து 2022ஆம் ஆண்டு தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்ந்தது. பால்புதுமையரை மட்டுமல்ல, அவர்களுடைய நலனுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. அதாவது வழிநடத்துநரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார். வேலையில் சேரும் முதல் நாளே இந்த விதியின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த இருவருக்கும் சென்னைவரை போகத் துணிவும் வழியும் இருந்தன. பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அண்ணனின் போனில்தான் இணையம் பார்க்கிற பெண்ணுக்கு அந்த வழி இல்லை. ஊரைவிட்டுப் போகாதவர்களுக்கு, போக முடியாதவர்களுக்குத்தான் வழிநடத்துநர் முதலில் தேவைப்படுகிறார்.

யாரை எடுப்பது?

1. தன் அடையாளத்தை வெளியே சொன்னவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. ‘சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை’ என்பது சரிதான். தானே பட்டவருக்குத்தான் இன்னொருவர் பேசாமல் விட்டது காதில் விழும். ஆனால் அதற்கு ஆதாரம் கேட்பது தவறு. படிவத்தில் ‘விரும்பினால் சொல்லலாம், பெயருக்குப் பதில் அழைப்புப் பெயர் போதும்’ என்று இருக்க வேண்டும். முகவரிக் கட்டம் முதல் சுற்றில் வேண்டாம். வட்டத்தின் (தாலுகாவின்) பெயர் போதும்.

2. பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது. பள்ளியிலேயே கேலி பொறுக்காமல் படிப்பை விட்டவர்கள் இந்தச் சமூகத்தில் ஏராளம். அவர்களை விலக்கிவிட்டு, நகரக் கல்லூரியில் படித்து ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவரை எடுத்தால், படிப்பை விட்ட பிள்ளை அவரிடம் மனம் திறக்காது. தமிழில் மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பச் சொன்னால் போதும். அதில் கிடைக்கும் செய்தி எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

3. உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா? இதுதான் கடினமான முடிவு. நம் கிராமங்களில் புதிதாக ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, “தம்பி, எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். உள்ளூர்க்காரருக்கு அந்தக் கேள்வி வராது. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த அத்தை எதையும் ஊருக்குச் சொல்லிவிடுவார் என்பதும் தெரியும். ஆனால் உள்ளூர்க்காரரோடு நின்று பேசினாலே, ‘அவனோடு இவளுக்கு என்ன பேச்சு?’ என்று தெரு கேட்கும். சாதியும் சேர்ந்துகொள்கிறது. தெருக்களே சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கும் ஊரில், ஒரு தெருவின் ஆள் இன்னொரு தெருவின் பிள்ளையிடம் பேசுவதே செய்தியாகும். என் கணிப்பில், ஒரு வட்டத்துக்கு இருவரை எடுப்பதே சரி: ஒருவர் அந்தப் பகுதி, மற்றவர் பக்கத்து வட்டம், சாதிப் பின்னணியும் பாலினமும் வேறு வேறாக. செலவு கூடும். ஒருவரை மட்டும் எடுத்து, அவரால் எட்ட முடியாத தெருக்களைக் கணக்கில் எட்டியதாகக் காட்டுவதைவிட இது நேர்மையானது.

4. திருநங்கையரின் ஜமாத் எனும் சமூக அமைப்பில் குரு, சேலா (சீடர்) என்ற உறவு உண்டு. குரு வழிநடத்துநராக இருக்கும் குழுவில் அவருடைய சேலாவே பங்கேற்பாளராக இருந்தால், சேலாவால் மறுத்துப் பேச முடியாது. இந்த உறவை மதித்து, இருவரையும் வேறு வேறு குழுக்களில் வைப்பது நல்லது. ஜமாத்தின் மூத்தவர்களிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்வதும் மரியாதை.

நேர்முகத் தேர்வில் எதைப் பார்ப்பது

‘உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன’ என்று கேட்பதால் இந்த வேலைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நிலைமையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் மொழி. இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் தமிழ் வினைமுற்று பெரும்பாலும் பாலினத்தைச் சொல்லாமல் விடாது. ‘வந்தான்’ அல்லது ‘வந்தாள்’. ஆனால் ‘வந்தார்’ என்று ஒரு மரியாதை வடிவத்தை நம் மொழியே கையில் கொடுத்திருக்கிறது. பாலினம் தெரியாத ஓர் இளையவரைப் பற்றிப் பேசும்போது விண்ணப்பதாரர் இயல்பாக எதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாலே பாதி தெரிந்துவிடும். உறவுமுறைச் சொற்களும் அப்படித்தான். வீட்டில் ‘பாப்பா’ என்றே அழைக்கப்பட்டு வளர்ந்த திருநம்பி ஒருவரை, கூட்டத்துக்கு வந்த முதல் நாள் வாசலில் யாரோ, “வா தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மற்ற வரவேற்புகள் எல்லாம் சிறியவை. ஆனால் கேட்காமலே ஊகித்து அழைத்தால் அதுவே காயமாகவும் ஆகலாம். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

அடுத்து நெருக்கடி. இரவு 11 மணிக்கு 19 வயதுப் பெண் ஒருவர் குரல்பதிவு அனுப்புகிறார்: “அக்கா, அண்ணன் என் போனைப் பார்த்துவிட்டான். நாளைக்கு என்னைச் சித்தப்பா ஊருக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள்.” உடனே பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன் என்று சொல்பவரின் நல்ல மனதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் போய் நின்றால் அந்தப் பெண்ணின் நிலை மோசமாகும். நல்ல பதில் மெதுவாக வரும்: இப்போது பேசுவது பாதுகாப்பா என்று முதலில் கேட்பது, அடி விழுகிறதா, உயிருக்கு ஆபத்தா என்று அறிவது, அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்பது, தன் மேற்பார்வையாளரை அந்த இரவிலேயே எழுப்புவது, மகளிர் உதவி எண் 181, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 ஆகியவற்றைச் சொல்வது. 18 வயது நிறைந்த ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக வீட்டில் அடைத்துவைத்தால் அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியும். 2025 மே மாதம் அப்படி ஒரு வழக்கில், பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட பெண்ணைத் தன் இணையோடு போக அனுமதித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழி அல்ல என்றும் சொன்னது. இதெல்லாம் நேர்முகத் தேர்விலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம். தனியாகப் பாயாமல், கேட்டுச் செய்யும் இயல்பு மட்டும் முன்பே இருக்க வேண்டும்.

18 வயது என்ற கோடு

தேசிய இளைஞர் கொள்கை 2014, இளையோர் என்றால் 15 முதல் 29 வயதுவரை என்கிறது. பல திட்டங்கள் அதையே எடுத்துக்கொள்கின்றன. இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய சம்மதத்தைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கும் என்ற அச்சம் இருந்தாலும்கூட, தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அறிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பிரிவு 21. இதன் விளைவு என்ன? 17 வயதுப் பிள்ளை நம்பிக்கையோடு தன் உறவைப் பற்றிச் சொன்னால், கேட்ட வழிநடத்துநருக்குச் சட்டக் கடமை வந்துவிடலாம். “நீ எதைச் சொன்னாலும் வெளியே போகாது” என்ற வாக்குறுதியை அவரால் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடியாத வாக்கை, ஏற்கெனவே பலமுறை ஏமாந்த பிள்ளைக்குக் கொடுப்பதைப் போன்ற துரோகம் இல்லை.

எனவே புதிதாகத் தொடங்கும் அமைப்பு 18 வயதுக்கு மேற்பட்டவர்களோடு தொடங்குவதே நல்லது. அதற்குக் கீழுள்ளவர்களைச் சேர்ப்பதானால், எதை மறைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 பற்றியும் சொல்ல வேண்டும்.

பணம், பஸ், பாஸ்புக்

திட்டம் எழுதுபவர்கள் கடைசிப் பக்கத்தில் வைக்கும் விஷயங்கள் இவை. ஊருக்குத் தெரிந்துவிடுமா என்ற கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்போது அனுப்பியவரின் பெயர் குறுஞ்செய்தியிலும் பாஸ்புக்கிலும் வரும். அந்தப் பெயரிலேயே பால்புதுமை என்ற சொல் இருந்தால், பாஸ்புக்கைப் பதிவுசெய்து வரும் அப்பா படித்துவிடுவார். வேலையில் சேரும்முன் இதைப் பேச வேண்டும். பயிற்சி முடிந்து கொடுக்கும் சான்றிதழும் அப்படியே. ‘இளையோர் தலைமைத்துவப் பயிற்சி’ என்று இருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம், வேறு வேலைக்கும் காட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரியும். தனித்தனியாகச் செய்தி அனுப்புவது சிரமம்தான். அந்தச் சிரமம் வழிநடத்துநரின் வேலை நேரத்தில் சேர வேண்டும்.

பஸ் டிக்கெட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கையருக்கும் அது விரிவானது. ஆனால் திருமங்கலத்தில் பஸ் ஏறும் திருநம்பி ஒருவர், நடத்துநர் தன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டும் அந்த நொடியைத் தவிர்க்கத் தன் காசைக் கொடுத்தே டிக்கெட் எடுப்பார். ‘இலவசப் பஸ்தானே’ என்று பயணப்படியைக் குறைக்கும் கணக்காளருக்கு இது தெரியாது. எல்லோருக்கும் ஒரே பயணப்படி கொடுத்துவிட்டால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சந்திக்கும் இடம், வேறு காரணம் சொல்லி வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். தட்டச்சுப் பயிற்சி நிலையமும் கணினி மையமும் இருக்கும் கட்டடத்தின் மாடி, நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, இப்படி. நேரம் பிற்பகல், இருட்டுவதற்குள் கிராமத்துப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக் கூட்டம் என்று போட்டால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். பெண்கள் ஏன் வரவில்லை என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதுவதற்குப் பதில் கூட்டத்தை இரண்டு மணிக்கு வைக்கலாம்.

வழிநடத்துநரைக் காப்பவர் யார்?

பிறர் துயரைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு அவருடைய பழைய துயரமும் கிளறப்படும். வாரம் ஒருமுறை அவர் சொல்வதைக் கேட்க அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். போனை அணைத்து வைக்க ஒரு நாள் வேண்டும். பங்கேற்பாளரோடு காதல் உறவு, கடன் கொடுக்கல் வாங்கல் இரண்டும் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். வேலையிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகார்களுக்கானது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அமைப்பில் உள் புகார்க் குழு கட்டாயமில்லை. ஆகவே தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் வழிநடத்துநர் மேலதிகாரியால் துன்பப்பட்டால் அந்தச் சட்டத்தின் வழியே அவர் புகார் செய்ய முடியாது. எல்லாப் பாலினத்தவருக்கும் பொருந்தும் விதியை அமைப்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர் கையெழுத்துப் போடும்முன் அமைப்பிடம் கேட்க வேண்டியவை:

1. மாதம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு, திட்டம் முடிந்தபின் என்ன?

2. என் பெயரும் படமும் உங்கள் அறிக்கையிலோ சமூக ஊடகத்திலோ வருமா? ‘வேண்டாம்’ என்று நான் பின்னால் சொன்னால் எடுத்துவிடுவீர்களா?

3. இரவு 11 மணிக்கு எனக்கு ஒரு குரல்பதிவு வந்தால், நான் எழுப்ப வேண்டியவரின் பெயர் என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு பெயரும் போன் எண்ணும் அங்கேயே எழுதித் தரப்படவில்லையென்றால், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம்.